பதினான்காவது திரை

வங்கிப் படிவத்தில் தொழில் என்று கேட்ட கட்டத்துக்குள்
இணையவழிப் பாட வடிவமைப்பாளர் அடங்கவில்லை.
குமாஸ்தா சிரித்துக்கொண்டே
ஆசிரியை என்று எழுதினான்.
பதினோரு வருடத்தில்
ஒரு மாணவன் முகத்தைக்கூடப் பார்த்திராத ஆசிரியை.

புவெர்த்தோ மோன்ட்டில் மூன்றாவது மாடி.
மழை, ஜன்னல், மறுபடி மழை, அதன் பின்னால் எங்கோ துறைமுகம்.
என் வகுப்பறை மேசைமேல் ஒரு திரை.
படிப்பவர் பச்சைப் புள்ளி. முடித்தவர் நீலம்.
பாதியில் நின்றவர் சாம்பல்.
சாம்பல் கூடினால்
திங்கட்கிழமைக் கூட்டம் நீளும்.

மீன்பிடிப் படகு எஞ்சின் பராமரிப்பு,
நாற்பது திரைகள், எழுதியது நான்.
அதில் ஒரு புள்ளி, எண் 3317,
தினமும் அதிகாலை இரண்டு நாற்பதுக்கு வரும்.
ஒன்றில் தொடங்கும்.
பதினான்கில் நிற்கும்.
மறுநாள் மீண்டும் ஒன்று.
பத்தொன்பது இரவுகள்,
சுவரேறி விழும் எறும்பைப் பார்ப்பதுபோல்
காபியோடு பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஆர்வக் குறைவு என்று அறிக்கை எழுதினேன்.
நட்சத்திரம் கொடு என்றார் மேலாளர் எவரிஸ்தோ.
கொடுத்தேன்.
ஐந்தாம் திரையில் தங்க நட்சத்திரம்,
பத்தில் வண்ணக் காகிதத் தூறல், கைதட்டல் ஓசை.
புள்ளி கைதட்டலைக் கடந்துபோய்
பதினான்கில் நின்றது.
பிறகு குறுஞ்செய்தி அனுப்பினோம்:
உங்களுக்காகக் காத்திருக்கிறோம்!
அந்த ஆச்சரியக்குறி என்னுடையது.

ஒரு வியாழக்கிழமை யாரிடமும் சொல்லாமல் பஸ் ஏறினேன்.
பஸ் படகில் ஏறியது.
கால்வாய் தாண்டி, தீவின் நீளமெல்லாம் தாண்டி,
சாலை தீர்ந்துபோகும் கெய்யோன் வரை.

சிப்பித் தொழிற்சாலை வாசலில்
இரவு ஷிஃப்ட் முடிந்து வந்தார் நோல்பெர்த்தோ மன்சியா.
ஐம்பத்திரண்டு வயது. உப்புநீரில் ஊறி
வெளுத்துச் சுருங்கிய விரல்நுனிகள்.
மகள் கழித்துப்போட்ட கைபேசி.
படிக்கக் கிடைப்பது இடைவேளையின் இருபது நிமிடம்.

ஏன் பாதியில் நிறுத்துகிறீர்கள் என்றேன்.
நிறுத்தவில்லையே, என்றார்,
பாடம் அங்கே முடிந்துவிடுகிறதே.

காட்டினார்.
பதினான்கில் நான் பெருமையாக வைத்த பெரிய படம்
'அடுத்து' என்ற பொத்தானை
அந்தச் சின்னக் கண்ணாடியின் விளிம்புக்குக் கீழே தள்ளியிருந்தது.
ஒரு விரற்கடை.

மனப்பாடம் ஆகும்வரை விடமாட்டீர்கள் போல
என்று நினைத்துக்கொண்டேன், என்றவர்
வாசலில் நின்றபடியே ஒப்பித்தார்:
பதினான்கு திரையும், வரி பிசகாமல்,
ஏழாவதில் நான் விட்ட எழுத்துப்பிழையைப்
பிழையாகவே உச்சரித்து,
பத்தில் கைதட்டலுக்காகச் சற்று நின்று.

பிறகு, சொல்லலாமா என்று தயங்கி:
அந்தப் பம்பு படத்தில் வால்வு தலைகீழாக இருக்கிறது.
அப்படி மாட்டினால் கடல் உள்ளே வரும்.

இரண்டாயிரத்து நானூறு பேர்
முடித்துச் சான்றிதழ் வாங்கிய பாடம்.
ஒரு நீலமும் இதைச் சொன்னதில்லை.
திரும்பும் படகின் விலாவில்
அலை மோதும்போதெல்லாம்
அத்தனை நீலங்களையும் எண்ணிக்கொண்டிருந்தேன்.

வெள்ளிக்கிழமை வால்வைத் திருப்பி வரையவைத்தேன்.
சான்றிதழ் வாங்கிய எல்லோருக்கும் திருத்தம் அனுப்பினேன்,
ஆச்சரியக்குறி இல்லாமல்.
பொத்தானை மேலே ஏற்றினேன், ஒரு விரற்கடை.
அடுத்த கூட்டத்தில் எவரிஸ்தோ வரைபடத்தைத் தட்டிக் காட்டினார்:
நட்சத்திரங்கள் வேலை செய்கின்றன, பாருங்கள்.
பார்த்தேன்.
நூற்றுக்கணக்கான சாம்பல்கள்
ஒரே வாரத்தில் பச்சையாகியிருந்தன.
சொன்னேன். விரற்கடை குறிப்பேட்டில் ஏறவில்லை.

புதன்கிழமை விழித்திருந்தேன்.
இரண்டு ஐம்பத்தாறுக்குப் புள்ளி பதினைந்துக்குப் போனது.
கருத்துப் பெட்டியில் முதன்முதலாக ஒரு வரி வந்தது:

பதினைந்து அவ்வளவு சரியில்லை, அம்மணி.
அவசரத்தில் எழுதினீர்களோ?

ஆமாம்.
அன்றும் வெள்ளிக்கிழமை, மழை,
கடைசி பஸ்ஸுக்குப் பத்து நிமிடம் இருந்தது.